எளிய கருவி

கிளாத்திமுனைப் பாடசாலையில் பதினொரு வருடமாக ஒரு பிள்ளைகூட ஆங்கிலத்தில் சித்தியடையவில்லை. இதையிட்டு வலயக் கல்வி அலுவலகம் ஆழ்ந்த கவலை கொண்டிருந்தது. கவலையைத் தெரிவிக்கும் கடிதம் வருடந்தோறும் தை மாதத்தில் தவறாமல் பாதையேறி வந்து சேரும். வாவியைக் கடக்கிற இரும்பு மிதவைக்குத்தான் அந்தப் பக்கத்தில் பாதை என்று பெயர். தரையில் போகிற பாதை கிளாத்திமுனைக்கு இன்னும் வரவில்லை. கடிதத்தில் திகதி மட்டும் மாறியிருக்கும். அதிபர் வாசித்துப் பெருமூச்சு விட்டு, "கடிதம் கிடைத்தது" என்று பதில் எழுதுவார். அந்தப் பதில் கிடைத்தது என்று அலுவலகம் பதில் எழுதும். இப்படி இரண்டு தரப்பும் ஆங்கிலத்துக்காக அயராது உழைத்துக்கொண்டிருந்த பன்னிரண்டாவது வருடத்தில், ஆர்த்திகா என்றொரு ஆசிரியை மாற்றலாகி வந்து காரியத்தைக் கெடுத்தாள். அவள் வந்து எட்டு மாதத்தில் பிள்ளைகள் ஆங்கிலம் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

அவள் பெரிதாக எதுவும் செய்யவில்லை. கிளாத்திமுனையில் வீட்டுக்கு வீடு ஒரு பாட்டுப்பெட்டி உண்டு. உள்ளங்கை அளவு றேடியோ. பக்கத்தில் மெமரி காட் செருக ஒரு துவாரம். இறாலுக்கு வலை வீசப் போகிற அப்பாமார் அதைத் தோணியின் அணியத்தில், முன்முனையில், வைத்துப் பாட்டுக் கேட்பார்கள். ஆர்த்திகா தன்னுடைய கைபேசியில் பத்து நிமிடப் பாடங்களைத் தன் குரலிலும், பிறகு பிள்ளைகளின் குரலிலும் பதிவு செய்து, அந்த மெமரி காட்களில் பாட்டுகளுக்கு நடுவே ஏற்றிவிட்டாள். இவ்வளவுதான் சங்கதி. தன் குரலைத் தானே கேட்ட பிள்ளைகள் முதல் நாள் சிரித்தார்கள், இரண்டாம் நாள் வெட்கப்பட்டார்கள், மூன்றாம் நாள் திருத்திக்கொண்டார்கள்.

"டீச்சர், ரெண்டு பாட்டு முடிய 'வெயார் இஸ் த கிறேப்' எண்டு நீங்க வாறீங்க. மறுகா ஒரு பாட்டு, மறுகாவும் நீங்க" என்று இறால் பிடிக்கிற கனகசிங்கம் வந்து முறையிட்டான்.

"நண்டு எங்க எண்டு கேக்கிறன் அண்ண. நீங்க பதில் சொல்லுங்க."

அவன் சொல்லத்தான் செய்தான். அடுத்த கிழமை வாவி நடுவில் ஒரு தோணியிலிருந்து நண்டு எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டால், நாலு தோணியிலிருந்து வலைக்குள் கிடக்கிறது என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது.

கனகசிங்கத்தின் மகள் கம்சாயினிக்குப் பதினாறு வயது. வகுப்பில் அதுவரை வாய் திறக்காத பிள்ளை. பெட்டியோடு மட்டும், கிணற்றடியில் சட்டி கழுவிக்கொண்டே, ஓயாமல் கதைப்பாள். பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள், சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்துக்கு ஒரு C இருந்தால் போதும் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. தகப்பன் ஒரே பேச்சில் முடித்துவிட்டான்: "C வந்தா ஹோட்டல். வராட்டி கார்மென்ட் பஸ். அதுக்குப் புறகு அழக்கூடா." அக்கரையிலிருந்து பெண்பிள்ளைகளை ஆடைத் தொழிற்சாலைக்கு ஏற்றிப்போகிற பஸ் அது.

ஒரு நாள் பாடத்தில் 'சிம்பிள்' என்ற சொல் வந்தது. ஆர்த்திகா கரும்பலகையில் 'எளிய' என்று பொருள் எழுதினாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. கிளாத்திமுனையில் எளிய என்பது தாய்மார் விளக்குமாறைக் கையில் எடுத்தபின் வாயில் எடுக்கிற சொல். எளிய நாய், எளிய மூதேவி என்று பின்னால் ஏதாவது ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். அதைவிடக் கேவலமான ஆள் இல்லை என்று பொருள். அடுத்த நாள் காலையில் கம்சாயினி வகுப்பில் முதல் முறையாக எழுந்து நின்று, முழு வசனமாக, பிழையில்லாமல் பேசினாள்.

"டீச்சர், யதுர்ஷன் இஸ் எ சிம்பிள் போய். ஹி ஸ்டோல் மை பென்."

பேனையைத் திருடியதால் அவன் எளியவன். ஆர்த்திகாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. சிம்பிள் என்றால் இலகுவானது, ஆடம்பரம் இல்லாதது, நல்ல மனிதரைக்கூட அப்படிச் சொல்வார்கள் என்று அரை மணி நேரம் விளங்கப்படுத்தினாள். பிள்ளைகள் தலையாட்டினார்கள். இடைவேளைக்கு மணி அடித்ததும் மைதானம் முழுக்க ஒருவரையொருவர் சிம்பிள் என்று ஏசிக்கொண்டு ஓடினார்கள்.

இந்தச் சமயத்தில்தான் ஆங்கில ஆசிரிய ஆலோசகர் றவூப், வருடத்துக்கு ஒருமுறை வருகிற மேற்பார்வைக்காகப் பாதையில் ஏறினார். பாதி வாவியில் ஒரு மீனவன் அவரைப் பார்த்து ஆங்கிலத்தில் காலை வணக்கம் சொல்லி, சுகமா என்றும் கேட்டுவிட்டான். இருபது வருட சேவையில் றவூபிடம் யாரும் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டதில்லை. அவர் கையைக் காட்டிச் சமாளித்தார். கரையில் இறங்காமல் அதே பாதையில் திரும்பிப் போய், கிளாத்திமுனையில் அனுமதி பெறாமல் ஆங்கிலம் பேசப்படுகிறது என்று வலயக் கல்விப் பணிப்பாளருக்கு எழுத்தில் அறிவித்தார்.

ஆர்த்திகா அழைக்கப்பட்டாள். போகும்போது ஒரு பக்கத்தில் அழகாக எழுதிக்கொண்டு போனாள். தலைப்பு: எளிய தொழில்நுட்பக் கருவி மூலம் ஆங்கிலம். பணிப்பாளர் தலைப்பை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன டீச்சர் இது?"

"பாட்டுப்பெட்டி சேர். எளிய கருவிதான்..."

"நிப்பாட்டுங்க. இருபத்தாறு வருசம் நான் இந்தத் திணைக்களத்தில. என்ட வலயத்தில எளிய கருவியா? நாளைக்கு மாகாணத்தில கேட்டா நான் என்ன சொல்லுற? எளிய கருவி வச்சி எளிய பாடம் நடத்துறம் எண்டா?"

"இலகுவான எண்ட கருத்தில சேர்."

"இலகு எண்டா இன்னும் மோசம். இலகுவான வேலைக்கு ஒரு பணிப்பாளர், ரெண்டு பிரதிப் பணிப்பாளர், அஞ்சு உதவிப் பணிப்பாளர் என்னத்துக்கு எண்டு கேப்பானுகள்."

ஆர்த்திகா தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

அன்றே சொற்சீராக்கற் குழு அமைக்கப்பட்டது. குழு மூன்று முறை கூடியது. மூன்று முறையும் வடை நன்றாக இருந்ததாகக் கூட்டக்குறிப்பில் இருக்கிறது. முடிவில் பாட்டுப்பெட்டிக்கு 'உயர்நிலை ஒலிசார் ஆங்கில விருத்திக் கருவி' என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தபின்தான் வில்லங்கம் தெரிந்தது. உயர்நிலைக் கருவி ஒன்று இறால் தோணியில் கிடக்கலாமா? கிணற்றடியில் சட்டியோடு சட்டியாக இருக்கலாமா? ஆகவே தர நிர்ணயம் செய்து முத்திரை குத்தும் வரைக்கும் கருவிகள் அனைத்தும் அலுவலகத்தின் பொறுப்பில் எடுக்கப்படும் என்று சுற்றறிக்கை வந்தது. பரீட்சைக்கு அப்போது எழுபத்தெட்டு நாள் இருந்தது.

றவூபும் இரண்டு ஊழியர்களும் கிளாத்திமுனைக்கு வந்து வீடு வீடாக ஏறி இருபத்துமூன்று பெட்டிகளைச் சேர்த்தார்கள். ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்து 'மீன் மணம் உண்டு' என்று படிவத்தில் குறைபாடாக எழுதினார்கள்.

"சேர், இது என்ட பாட்டுப்பொட்டி. சந்தையில நான் வாங்கின" என்றான் கனகசிங்கம்.

"நேத்து வரைக்கும் அது உங்கட பொட்டி காக்கா" என்று றவூப் அண்ணன் முறை வைத்துச் சொன்னார். "இண்டைக்கு அது கருவி. கருவியெல்லாம் ஆக்கள்ற கையில இரிக்கப்படா."

கம்சாயினி தகப்பனிடமிருந்து பெட்டியை வாங்கித் துணியால் நன்றாகத் துடைத்துத்தான் கொடுத்தாள். அதில் அவளுடைய குரலில் முப்பத்தொரு பாடங்கள் இருந்தன. கவனமாக வைத்திருந்து திருப்பித் தாருங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். றவூப் கையைக் காட்டினார்.

அடுத்து, ஆசிரியர்களுக்குக் கருவியை இயக்கப் பயிற்சி வேண்டும் என்றார்கள். பட்டணத்தில் ஐந்து நாள் செயலமர்வு. முதல் நாள் கருவியை நோக்குதல். இரண்டாம் நாள் கருவியை அணுகுதல். மூன்றாம் நாள் பொத்தான்களின் வகைகளும் வரலாறும். பெட்டிகள் முத்திரைக்காகக் காத்திருந்ததால், நான்காம் நாள் பெட்டிக்குப் பதிலாகக் குளிக்கிற சவர்க்காரக் கட்டியை மேசையில் வைத்து, விரலை அதன்மேல் எப்படி இறக்குவது என்று பழகினார்கள். ஐம்பது வயது ஆசிரியர்கள் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு, றவூப் "இப்ப!" என்று சொல்லும்போது ஒரே நேரத்தில் சவர்க்காரத்தை அமுக்கினார்கள். ஆர்த்திகா "இப்ப" சொல்வதற்கு முன்னரே அமுக்கிவிட்டாள். ஐந்தாம் நாள் எல்லாருக்கும் சான்றிதழ் கிடைத்தது. அவளுக்கு மட்டும், கருவியைக் கையாள இன்னும் பக்குவம் போதாது, அடுத்த செயலமர்விலும் பங்குபற்ற வேண்டும் என்று ஒரு துண்டு கிடைத்தது.

பரீட்சைக்கு முப்பது நாள் இருக்கும்போது அவள் மறுபடி அலுவலகப் படியேறினாள். பெட்டிகள் இருந்த அலுமாரிக்கு எதிரே எழுதுவினைஞர் ஸகியா உட்கார்ந்திருந்தாள். ஸகியா நல்லவள். அந்த அலுவலகத்தில் அவளால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லாமல் போனது அதனால்தான்.

"டீச்சர், முத்திர இன்னும் வரல்ல. முத்திரையில என்ன எழுதுற எண்டு குழு கூடணுமாம். அலுமாரித் தொறப்பு கொண்டுபோனவர் லீவுல" என்று மெல்லிய குரலில் சொன்னாள். "கடைசியா வச்ச பொட்டி ஒண்டு ஓஃப் பண்ணாம இருந்த. ரெண்டு நாளா அலுமாரிக்குள்ள ஒரு புள்ள இங்கிலீசுல கதச்சிக்கிட்டே இருந்திச்சி. கேக்க ஏலாமப் போச்சி டீச்சர். புறகு பெட்டரி முடிஞ்சி."

ஆர்த்திகா நேரே பணிப்பாளரின் அறைக்குள் போனாள். பரீட்சைக்கு முப்பது நாள்தான் இருக்கிறது என்றாள். பெட்டிகளைத் தந்தால் பரீட்சை முடிந்த அன்றே தானே சுமந்துகொண்டு வந்து தருவதாகச் சொன்னாள். கடைசியில், சொல்லவே கூடாது என்று நினைத்திருந்த "தயவுசெய்து" என்பதையும் சொன்னாள். பணிப்பாளர் கதிரையில் சாய்ந்துகொண்டு மிகுந்த அன்போடு பேசினார்.

"டீச்சர், நீங்க பிள்ளைகளை மட்டும் பாக்கிறீங்க. அது ஆசிரியர்ற பார்வை, பிழையில்ல. நான் திட்டத்தைப் பாக்கிறன். பிள்ளைகள் வருசா வருசம் வரும், போகும். திட்டம் அப்பிடி இல்ல, ஒருக்காப் போனா வராது. பாருங்க, என்ட மகன் கொழும்பில இன்டர்நேஷனல் ஸ்கூல்ல. மகள் அவுஸ்திரேலியாவில. அதுகளுக்கு இந்தத் திட்டத்தால ஒரு நன்மையும் இல்ல. அதனாலதான் நான் இதில ஒரு பக்கச்சார்பும் இல்லாம முடிவெடுக்கிறன்."

அவர் நெஞ்சில் கைவைத்து, உண்மையாகவே நெகிழ்ந்துபோய்ச் சொன்னார். ஆர்த்திகாவுக்கு அவரை அடிக்கவேண்டும்போல் இருந்தது. "நன்றி சேர்" என்று சொல்லிவிட்டு வந்தாள். சம்பளம் வாங்குகிறவர்கள் அந்த இடத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

கிளாத்திமுனையில் ஆர்த்திகா தொண்டை கட்டும்வரை கத்திப் படிப்பித்தாள். ஆனால் மூன்று மணி கடைசிப் பாதையை விட்டால் அவள் வீடு போக வழியில்லை. அதற்குப்பிறகு பிள்ளைகளின் ஆங்கிலத்தைக் கேட்க ஒரு காதும் இல்லை, அவர்களோடு பேச ஒரு வாயும் இல்லை. கம்சாயினி மெல்ல மெல்லப் பழையபடி ஊமையானாள். பரீட்சை எழுதிவிட்டு வந்து, வினாத்தாளைப் பார்த்ததும் தெரிந்த சொற்கள் எல்லாம் யாரோ பின்னால் நின்று பிடித்து இழுக்கிறமாதிரி வராமல் நின்றன என்று சொன்னாள்.

பரீட்சை முடிந்த மறுநாள் பெட்டிகள் வந்தன. பாதைக்கு வாழை கட்டி, மேளம் பிடித்து, பெட்டிகளுக்குப் பூமாலை போட்டுக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொன்றிலும் தங்க நிறத்தில் முத்திரை. பெட்டியைத் திறந்தால் முத்திரை கிழியும், கிழிந்தால் விசாரணை. கனகசிங்கம் அன்றைக்கே தன் பெட்டியைத் தோணியில் வைத்து அமுக்கினான். பாட்டில்லை. நண்டு எங்கே என்று கேட்கிற ஆர்த்திகா இல்லை. மகளின் முப்பத்தொரு பாடமும் இல்லை. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, ஆங்கிலத்தின் அவசியம் என்ற தலைப்பில் பணிப்பாளர் தமிழில் ஆற்றிய நாற்பத்தேழு நிமிட உரையை ஏற்றியிருந்தார்கள். "அன்பார்ந்த மாணவச் செல்வங்களே" என்று வாவியில் இருபத்துமூன்று தோணிகளிலிருந்து ஒரே குரல் எழும்பியது. அன்று யாருக்கும் இறால் படவில்லை.

பெறுபேறு வந்தது. இரண்டு பிள்ளைகளுக்கு S, தட்டுத்தடுமாறிய சித்தி. மற்ற எல்லாருக்கும் W, அதாவது சித்தியில்லை. கம்சாயினிக்கும் W. அவள் அழவில்லை. அழக்கூடாது என்று தகப்பன் முன்னரே சொல்லியிருந்தான். அடுத்த திங்கட்கிழமை கார்மென்ட் பஸ்ஸில் ஏறினாள்.

தோல்விக்கான காரணத்தை ஆராய மறுபடி ஒரு குழு. அதன் அறிக்கை பாடசாலை அறிவித்தற் பலகையில் குத்தப்பட்டது. கருவியில் எக்குறையும் இல்லை, திட்டத்தில் எக்குறையும் இல்லை, பயனாளிகள் எளிய குடும்பங்களைச் சேர்ந்த எளிய பிள்ளைகளாக இருந்ததே காரணம் என்று அதில் கண்டிருந்தது. பெட்டியிலிருந்து கழற்றி எடுத்த சொல்லை எங்கேயாவது வைக்கத்தானே வேண்டும். பெறுபேற்றுப் பத்திரம் எடுக்க வந்த கம்சாயினி பலகைக்கு முன்னால் நின்று அதை இரண்டு தரம் வாசித்தாள். "எளிய பிள்ளைகளாம் டீச்சர்" என்று மட்டும் சொன்னாள்.

கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால் திட்டத்துக்கு உதவிய வெளிநாட்டு நிறுவனம், பயன்பெற்ற ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் நன்றி சொல்கிற வீடியோ வேண்டும் என்று கேட்டது. வலயம் முழுக்கத் தேடினார்கள். ஆங்கிலம் பேசுகிற பிள்ளை அகப்படவில்லை. கடைசியில் பெட்டியைத் துடைத்துக் கொடுத்த பிள்ளை றவூபுக்கு ஞாபகம் வந்தது.

"அந்தப் புள்ளய எப்பிடியாவது கூட்டி வாங்க டீச்சர். எங்கட மானம் போகப்போகுது" என்று போனில் கெஞ்சினார்.

ஆர்த்திகா போகாதே என்றுதான் சொன்னாள். கம்சாயினி கேட்கவில்லை.

"நான் வாறன் டீச்சர். லீவு போடுறன். கதைக்கத்தானே கேக்கிறாங்க. கதைச்சி எவ்வளவு நாளாச்சி."

மண்டபத்தில் பதாகை கட்டி, பணிப்பாளரை நடுவில் இருத்தி, கமராவை நிறுத்தினார்கள். ஆர்த்திகா எழுதிக் கொடுத்த இரண்டு நன்றி வசனங்களையும் கம்சாயினி தெளிவாகச் சொன்னாள். கமராக்காரன் நிறுத்தப் போனான். அவள் கையை உயர்த்தி, பணிப்பாளரின் பக்கம் திரும்பி, அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு, அவசரப்படாமல் மேலும் சொன்னாள்.

"சேர், யூ ஆர் எ வெரி சிம்பிள் மேன். மிஸ்டர் றவூப் இஸ் எ சிம்பிள் மேன். திஸ் இஸ் எ சிம்பிள் ஆபீஸ். ஐ வில் நெவர் ஃபொகெட் ஹவ் சிம்பிள் யூ ஆர்."

நீங்கள் எவ்வளவு சிம்பிளானவர்கள் என்பதை நான் ஒருபோதும் மறக்கமாட்டேன் என்பது கடைசி வசனம். மண்டபம் முழுக்கப் பணிப்பாளரின் முகத்தைப் பார்த்தது. அந்த நாலு வசனத்தில் அவருக்கு விளங்கியது ஒரே ஒரு சொல்தான். அது போதுமாயிருந்தது. கைலேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

"கேட்டீங்களா? இவ்வளவு பெரிய பதவியில இருந்தும் நான் சிம்பிளான மனுசனாம். ஒரு ஏழைப் பிள்ளைக்கு அது தெரிஞ்சிரிக்கி. என்ட சொந்தப் பிள்ளைகள் சொல்லல்லியே இதை!"

றவூப் முதலில் கைதட்டினார். பிறகு பிரதிப் பணிப்பாளர்கள், உதவிப் பணிப்பாளர்கள், எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். ஸகியா மட்டும் மேசைக்குக் கீழே எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள். நாங்கள் சிம்பிளானவர்கள் என்பதே இனி வலயத்தின் மகுட வாசகம் என்று பணிப்பாளர் அந்த இடத்திலேயே அறிவித்தார். பத்து நாளில் பாதைத் துறையில் ஆளுயரப் பலகை நாட்டினார்கள். அதில் பணிப்பாளர் கைகூப்பி நின்றார். கிளாத்திமுனைப் பிள்ளைகள் பலகையைக் கண்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தங்கள் ஊரை மதித்து ஒரு பலகை வைத்ததற்கு அவர்கள் காட்டும் மகிழ்ச்சி என்று றவூப் அதையும் அறிக்கையில் சேர்த்தார்.

வீடியோ எடுத்த அன்று பின்னேரம், கடைசிப் பாதையில் ஆர்த்திகாவும் கம்சாயினியும் ஒன்றாக ஏறினார்கள். பிள்ளையை வீட்டில் ஒப்படைத்துவிட்டு அன்றிரவு மட்டும் அங்கேயே தங்குவதாக ஆர்த்திகா சொல்லியிருந்தாள். கம்சாயினி கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நின்றாள். நாளைக்கு வெள்ளன பஸ்ஸுக்குப் போகவேண்டும். நடுவாவி கடந்ததும் கேட்டாள்.

"டீச்சர், நான் சொன்னதில கிரமர் பிழை ஏதும் இருந்ததா?"

"இல்ல மகள். ஒண்டும் இல்ல."

"உச்சரிப்பு?"

"அதுவும் சரி. எல்லாம் சரி."

கம்சாயினி தண்ணீரிலிருந்து முகத்தைத் திருப்பினாள்.

"அப்ப ஏன் டீச்சர் எனக்கு W?"